ஏழாம் வகுப்பு கண்டுபிடித்த பதினொரு நிமிடம்

நேற்று காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த அறிவியல் டீச்சர் அவள். "மிஸ், அடுத்த வாரம் ஏழாவதுக்கு ப்ராஜெக்ட் வாரம். தெர்மாகோல் எத்தனை ஷீட் வாங்கணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட வாங்காதே" என்றேன்.

"அப்போ என்னதான் மிஸ் பண்றது?"

எழுதி அனுப்புகிறேன் என்று வீராப்பாகச் சொல்லி போனை வைத்துவிட்டேன். இப்போது மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வாரத்தை நினைத்தாலே இன்னமும் கை பரபரக்கிறது. காபி ஆறிவிட்டது என்று வீட்டுக்காரர் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

மொத்தம் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் கரும்பலகையில் எழுத்து சாயாமல் எழுதவும், பாடக்குறிப்பில் மார்ஜின் விடவும் கற்றுக்கொடுத்தார்கள். கேள்வி கேட்பது டீச்சர், பதில் சொல்வது பிள்ளை என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. ஆனால் அதைத்தான் நாங்கள் எல்லோரும் நன்றாகக் கற்றிருந்தோம்.

நாங்கள் ப்ராஜெக்ட் என்று எதைச் சொன்னோம் தெரியுமா? மயிலாப்பூர் ஸ்டேஷனரி கடைகளில் எரிமலை ரெடிமேடாகவே கிடைக்கும். சூரியக் குடும்பமும் கிடைக்கும். பிள்ளையின் அப்பா ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கி வருவார். ஒரே எரிமலை மூன்று வருடம் எங்கள் பள்ளிக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் பெயர்மேல் அக்கா பெயர், அக்கா பெயர்மேல் தம்பி பெயர் ஒட்டியிருக்கும். மூன்று பேருக்கும் நான் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன்.

என் சர்வீஸில் கடைசிக்கு முந்தைய வருடம் சுற்றறிக்கை வந்தது. ஒரு வாரம் முழுக்கப் பாடப் புத்தகம் கிடையாது. பிள்ளைகளே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அவர்களே தகவல் சேகரித்து, வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமையாசிரியை புவனேஸ்வரி மேடம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வசந்தி டீச்சர், என்ன செய்யப் போறீங்கன்னு எழுத்துல குடுங்க" என்றார்.

மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. லீவு கேட்டாலும், மின்விசிறி ஓடவில்லை என்றாலும், கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது என்றாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "எழுத்துல குடுங்க." கொடுத்தால் உடனே படிப்பார். ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவார். பிறகு ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். பச்சை மை பெரிய அதிகாரிகளுக்குத்தான். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியைக்கு அது கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள மேடம் ஊதா மை வைத்திருந்தார். ஊதாவில் சுருக்கொப்பம் விழுந்துவிட்டால் அந்தக் காரியம் நடந்தே தீரும். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

திங்கட்கிழமை காலையில் ஏழாம் வகுப்பின் முப்பத்து நாலு பேரிடமும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். "உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தைக் கேள்வியாக எழுதுங்கள். பெயர் வேண்டாம்" என்றேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். எரிமலை எப்படி வெடிக்கிறது, செவ்வாயில் தண்ணீர் உண்டா என்று எல்லாம் கடை வாசனை அடித்த கேள்விகள். பன்னிரண்டாவது சீட்டில் இப்படி இருந்தது: "மோனிஷா ஏன் டெய்லி லேட்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

மோனிஷாவின் குடும்பம் முன்பு ஆற்றங்கரையில், பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தது. அந்த வீடுகளை அரசாங்கம் இடித்து எடுத்தபோது ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தார்கள். அவள் அம்மா செல்வி பட்டினப்பாக்கம் மீன் கடையில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவர். தாயும் மகளும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். அந்த பஸ்ஸில் வந்தால் அவள் தினமும் தாமதம். எங்கள் பள்ளியில் 9.10-க்கு பியூன் ஏழுமலை முதல் மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார். தாமதமாக வந்தவர்கள் இறைவணக்கம் முடியும்வரை கேட் ஓரச் சுவரை ஒட்டி வரிசையில் நிற்க வேண்டும். பிறகு தாமத நோட்டில் வந்த நேரத்தை ஆபீஸ் கடிகாரப்படி எழுதி அவர்கள் கையெழுத்துப் போட, வகுப்பு டீச்சர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து முறைக்கு ஒரு தரம் பெற்றோரைக் கூப்பிடுவோம். ஜூனிலிருந்து மோனிஷா பெயர் பதினாறு முறை ஏறியிருந்தது. பதினாறுக்குக் கீழேயும் என் கையெழுத்துதான்.

அவள் அம்மா மூன்று முறை வந்து ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுப் போயிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நாலாவது முறையாக வரச் சொல்லியிருந்தோம். "பெரும்பாக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல சேர்த்துடுங்க. டி.சி. எழுதி வெச்சுடறேன், வந்து கையெழுத்துப் போடுங்க" என்று மேடம் அன்பாகத்தான் சொல்லியிருந்தார். அங்கே சேர்ந்தால் பள்ளி விட்டபின் அம்மா திரும்பும்வரை அந்தப் பெண் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நோட்டில் பதினாறு இருந்ததே, அதை என்ன செய்வது?

இதெல்லாம் மனதில் ஓட, அந்தச் சீட்டைக் கிழித்துப்போடப் போனேன். மோனிஷா எழுந்து நின்றாள்.

"கிழிக்காதீங்க மிஸ். அதையே எடுங்க. எனக்கும் தெரியணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் சீட்டை மேஜைமேல் வைத்தேன். அத்தனை வருடத்தில் என் வகுப்பில் கேட்கப்பட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான். கேள்வியை எல்லோருக்கும் பொதுவாக மாற்றினோம்: நாம் ஒவ்வொருவரும் பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் எந்த இடத்தில் நேரம் போகிறது? வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், பஸ் ஏறிய நேரம் அல்லது நடந்த நேரம், கேட்டுக்குள் வந்த நேரம் என்று கட்டம் போட்டோம். வீட்டில் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்ததும், மேடம் அறைச் சுவரில் வாசலிலிருந்தே தெரியும் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நேரம் இந்தத் தாளிலேயே ஏறுவதால் அந்த வாரம் எங்கள் வகுப்புக்குத் தாமத நோட்டு வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை தாள்களை வாங்கிப் பார்த்தேன். முப்பத்து மூன்று பேர் கணக்கும் ஒழுங்காக இருந்தது. இர்ஃபான் தாளில் மட்டும் இப்படி இருந்தது: புறப்பட்ட நேரம் 9.05. வந்து சேர்ந்த நேரம் 9.01.

இர்ஃபான் வீடு நாலு தெரு தள்ளித்தான். நடந்து வருகிறவன். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "கிளம்பறதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே வந்துட்டியா? பறந்தா வந்தே? திருத்தி எழுது" என்றேன். புதன்கிழமை புதுத் தாள் கொண்டுவந்தான். அதிலும் 9.05, 9.01.

"டேய், விளையாடறியா?"

"அல்லா சத்தியமா கடியாரத்துல பாத்துதான் மிஸ் எழுதினேன். அத்தாகூட சொன்னாரு, மாத்தி எழுதுடா, மிஸ் திட்டுவாங்கன்னு. நான்தான் மாத்தல."

அப்போதுதான் பொறி தட்டியது. மற்றவர்களைப் பார்த்தேன். "நீங்க யாராவது மாத்தி எழுதினீங்களா?" என்றேன். ஒரு கை உயர்ந்தது, பிறகு மூன்று, பிறகு பத்துக்கு மேல். கணக்கு இடித்தபோது எல்லோரும் விடை சரியாக வருகிற மாதிரி நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்த விடை பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஏழு வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் அல்லவா! கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"உங்க வீட்டுக் கடிகாரம் சரியா ஓடுதாடா?" என்று இர்ஃபானைக் கேட்டேன்.

"அது இருவது நிமிஷம் ஃபாஸ்ட்டா கீது மிஸ். அம்மா வேணும்னே வெச்சிக்கீறாங்க, அத்தாவும் நானும் சீக்கிரம் கிளம்பணும்னு."

"எங்காத்துலயும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட் மிஸ்" என்றது முதல் பெஞ்சு. "எங்க வூட்ல அஞ்சு" என்றது கடைசி பெஞ்சு. வகுப்பு முழுக்க ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் மோனிஷா மெதுவாகக் கை தூக்கினாள்.

"மிஸ், எங்க வூட்ல கடியாரமே இல்ல. அம்மா குடுக்கற பட்டன் போன்தான். கேட்ல ஏழுமலைண்ணன்கிட்ட போனைக் குடுக்கசொல்ல அதுல மணி பாப்பேன். இன்னிக்கு 9.04. ஆனா ஆபீஸ் கடியாரத்த பாத்து தாள்ல 9.15-னு எழுதினேன்."

நான் அவள் பெஞ்சுக்கே போனேன்.

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லலே?"

"ஸ்கூல் கடியாரம்தானே மிஸ் கரெக்டா இருக்கும்?"

அந்தப் பதில் என்னைச் சுட்டது. ஆபீஸ் கடிகாரம் "கொஞ்சம் ஃபாஸ்ட்" என்று டீச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்றுதான் ஒருவரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் யார் போனிலாவது சரியாக எட்டு அடிக்கும்போது வீட்டுக் கடிகாரம் என்ன காட்டுகிறது என்று எழுதி வர வேண்டும் என்பது இர்ஃபானின் யோசனை. எழுதி வந்தார்கள், இந்த முறை ஒருவரும் திருத்தாமல். முப்பத்து நாலு வீட்டில் இருபத்தேழு கடிகாரம் ஃபாஸ்ட், மூன்று ஸ்லோ, ஒன்று நின்றே போயிருந்தது. சரியாக ஓடியவை இரண்டே இரண்டு. கடிகாரமே இல்லாத மோனிஷா வீட்டையும் சரியான பக்கத்தில்தான் சேர்த்தோம். கூச்சல் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து ஆபீஸ் கடிகாரம். அதற்கு வகுப்புப் பிள்ளைகளை மேடம் அறைக்குள் அழைத்துப் போக வேண்டும், போனோடு. மேடம் என்ன சொல்லியிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளே விண்ணப்பம் எழுதினார்கள். மேடம் அதில் இரண்டு ஒற்றுப் போட்டுவிட்டு, "ஐந்து பேர். பத்து நிமிடம்" என்று ஊதாவில் எழுதினார். உள்ளே போனோம். மோனிஷாவின் பட்டன் போனையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் 11.41. சுவரில் 11.52.

"பதினொண்ணு!" என்று ஐந்து பேரும் கத்தினார்கள். மேடம் அறையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை.

மணி அடிக்கிற ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டோம். தலையைச் சொறிந்தார். "நான் அஞ்சு நிமிஷம்தாம்மா தள்ளி வெச்சேன். புள்ளைங்க சீக்கிரம் வரட்டும்னு. பேட்டரி நிக்கறதுக்கு முன்னாடியே மாத்தி, அது இன்னா நேரம் காட்டிச்சோ அத்தயே திரும்ப வெச்சிடுவேன்."

இர்ஃபான் தாளில் எழுதிக்கொண்டான்: 5 + ? = 11. "மிச்சம் ஆறு யாரு மிஸ்?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தான்.

மேடம் முந்திக்கொண்டார். "கடிகாரமே முன்னால ஓடியிருக்கும். மணி எல்லாருக்கும் ஒண்ணுதானே? மத்தவங்க எல்லாரும் அந்த மணிக்கு வர்றாங்களே."

"நாளைக்கும் பார்க்கலாம் மேடம். முன்னால ஓடற கடியாரமா இருந்தா பதினொண்ணு கூடிப்போவும்ல" என்றான் இர்ஃபான். விஞ்ஞானி போலத்தான் பேசினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருமையால் பாதி, மீதி வேறு காரணம்.

அந்த ஆறில் மூன்று என்னுடையது. பல வருடம் முன்பு, பழைய தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போனபோது மூன்று மாதம் நான் பொறுப்பில் இருந்தேன். ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை மூன்று நிமிடம் தள்ளி வைத்தேன். நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு சுத்தமாக மறந்தே போய்விட்டேன். இர்ஃபான் கேட்ட அந்த நொடியில் ஸ்டூலின் ஆட்டம்கூட நினைவுக்கு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் எதிரில், மேடம் எதிரில் என்னால் முடியவில்லை. பஸ்ஸில் மாம்பலம் வரும்வரை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்: கடிகாரம் தானே முன்னால் ஓடியது என்று இருந்தால் அது யார் தவறும் இல்லை. நாங்கள் தள்ளி வைத்தது என்றால், பள்ளி ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு வேறு நேரத்துக்குக் கேட்டைச் சாத்தியிருக்கிறது என்று ஆகும். மோனிஷாவின் பதினாறையும் அப்போது வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையிலும் பதினொன்றுதான். அரை நிமிடம்கூடக் கூடவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வகுப்பின் முடிவைக் கேட்க மேடம் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரவர் பகுதியைச் சொன்னார்கள். கடைசியில் இர்ஃபான் கரும்பலகையில் 5 + ? = 11 என்று எழுதி, "இத மட்டும் கண்டுபுடிக்க முடியல" என்று சாக்பீஸை வைக்கப் போனான். நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேடத்திடம் நீட்டினேன்.

"எழுத்துல குடுத்திருக்கேன் மேடம்."

அவர் படிப்பதற்குள் நானே வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். "அதுல மூணு நிமிஷம் நான் வெச்சது. யார்கிட்டயும் சொல்லல. நேத்து கேட்டப்பவும் சொல்லல. அதுவும் தப்பு."

மேடம் தாளைப் படித்தார். பழக்க தோஷத்தில் ஓரத்தில் ஊதாவில் சுருக்கொப்பமும் போட்டார். பேனாவை மூடினார். எழுந்து நேராகக் கரும்பலகைக்குப் போய் இர்ஃபானிடம் சாக்பீஸ் வாங்கினார். கேள்விக்குறியை விரலாலேயே அழித்தார். அந்த இடத்தில் 3 என்று எழுதினார். பக்கத்தில் கூட்டல் குறி போட்டு, இன்னொரு 3 எழுதினார்.

"ரெண்டாவது மூணு என்னுது" என்றார். "நான் இங்க சேர்ந்த முதல் வாரம்."

இர்ஃபான் பலகையைப் பார்த்து மனசுக்குள் கூட்டினான். "கரெக்ட் மேடம்" என்றான், டீச்சர் பிள்ளையிடம் சொல்கிற அதே தோரணையில். வகுப்பு வெடித்தது. மேடமும் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை இவ்வளவு அழகு என்று அன்றுதான் பார்த்தேன்.

தாமத நோட்டை வரவழைத்தோம். மோனிஷாவின் பதினாறு நேரத்தையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் பதினொன்றைக் கழித்தோம். பதினான்கு நாள் 9.10-க்குள் விழுந்தது. இரண்டு நாள் தாண்டியது. அதையும் கழித்துவிடலாமா என்று எனக்கே ஆசையாக இருந்தது. மோனிஷா எழுந்தாள். "அது ரெண்டும் நெஜமாவே லேட்டு மிஸ். ஒருநாள் பஸ்ஸு பஞ்சரு. ஒருநாள் நான் தூங்கிட்டேன்."

மூன்று மணிக்கு அவள் அம்மா வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, டி.சி.யில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். மேடம் அதை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். பிறகு தாமத நோட்டைத் திறந்து மோனிஷா பெயருக்குக் கீழே ஊதா மையில் நிதானமாக எழுதினார். "இன்னாமே எழுதிக்கினு கீறாங்க?" என்று அம்மா மகளிடம் கிசுகிசுத்தார். மோனிஷா எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்: "மேற்கண்டவற்றில் பதினான்கு நாள் தாமதம் பள்ளியுடையது."

நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். செல்வி கேட்டுக்கொண்டார்.

"அப்ப நான் கடைய வுட்டுட்டு வந்து, இங்க நின்ன மூணு நாளு?"

அதற்கு எங்களிடம் ஊதா மையில் எழுத ஒன்றும் இல்லை. மேடம் எழுந்து, தன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. மன்னிச்சுடுங்க" என்றார். நானும் சொன்னேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார்.

கடிகாரத்தைத் திருத்த ஏழுமலை ஸ்டூல் கொண்டுவந்தார். மோனிஷாதான் ஏறினாள். பதினொரு நிமிடம் பின்னால் போனது. அதனால் அன்று பள்ளி விட பதினொரு நிமிடம் கூடுதலாக ஆனது. இர்ஃபான் அங்கேயும் விடவில்லை. "மிஸ், இத்தினி நாளா சாயங்காலம் பதினொரு நிமிஷம் முன்னாடியே வுட்டீங்களே, அத்த யார் பேர்ல எழுதறது?" என்றான்.

"எழுத்துல குடு" என்றார் மேடம்.

இவ்வளவுதான் காயத்ரி. தெர்மாகோல் வேண்டாம். துண்டுச்சீட்டும் டப்பாவும் போதும். ஆனால் பதில் உன் வீட்டு வாசலுக்கே வரலாம், அதற்கு மட்டும் தயாராக இரு. எங்கள் வீட்டுக் கடிகாரம் இப்போதும் பத்து நிமிடம் ஃபாஸ்ட். வீட்டுக்காரர் திருத்த விடமாட்டேன் என்கிறார்.

இன்னும் ஒன்று. பள்ளிக் கடிகாரத்தைத் திருத்தியதற்கு அடுத்த திங்கட்கிழமை நான் கேட் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். என் போனில் 9.04. மோனிஷா மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஏழுமலையிடம் போனைக் கொடுத்தாள். நேராகப் போய் வழக்கம்போல் சுவரை ஒட்டித் தாமத வரிசையில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வரிசையில் வேறு யாருமே இல்லை.

"மோனிஷா, இன்னும் மணியே அடிக்கலடி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மைதானத்தில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பையை என் கையில் திணித்துவிட்டு அவர்களை நோக்கி ஓடினாள்.